வெள்ளியில் பொறித்த வேந்தர் முகம்

ஒரு காரியத்தில் இருவர் உடன்பாடு காண இயலாதபோது காசைச் சுண்டிப் பார்ப்பது வழக்கம். "பூவா, தலையா?" என்பது அப்பொழுது எழும் கேள்வி. பூ எதுவாயினும் ஆகுக, தலை யாருடையது? அத்தலை காசில் ஏறியது எப்பொழுது? இலங்கையிலே 1963ஆம் ஆண்டு வெளிவந்த நாணயங்களில் நாட்டின் சின்னம் இடம்பெற்றது. அதற்கு முன்னர் வழங்கிய காசுகளிலே பிரித்தானிய முடியரசரின் தலை பொறிக்கப்பட்டிருந்தது. ஆளுகின்றவரின் முகத்தைக் காசிலே பொறிக்கும் இவ்வழக்கம் நாணயத்தோடு கூடவே பிறந்ததன்று. அது நாணயம் பிறந்து ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், கிரேக்க உலகத்திலே, அலெக்சாந்தரின் மறைவை அடுத்து வேரூன்றியது. அதற்கு முந்திய கிரேக்கன் ஒருவனிடம் மனிதன் தலை பொறித்த காசைக் கொடுத்திருந்தால் அவன் வியப்புற்றிருப்பான்; ஒருகால் வெகுண்டும் இருப்பான்.

நாணயம் முதன்முதலில் தோன்றிய இடம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியாகிய லிதியா நாடும் அதனை அடுத்த கிரேக்க நகரங்களும் ஆகும். கி. மு. ஏழாம் நூற்றாண்டிலே, பொன்னும் வெள்ளியும் கலந்த ஒருவகை உலோகத்தில் அக்காசுகள் அடிக்கப்பட்டன. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட குரோசஸ் என்னும் லிதிய மன்னன் காலத்திலே பொற்காசும் வெள்ளிக் காசும் தனித்தனியாயின. கிரேக்க நகரங்கள் வெள்ளியையே பெரிதும் விரும்பின. ஏஜினாத் தீவு ஆமையைப் பொறித்தது. கொரிந்து நகரம் சிறகுடைய பெகாசஸ் என்னும் குதிரையைப் பொறித்தது. ஏதென்ஸ் நகரம் அதீனா தேவியின் தலையை ஒரு பக்கத்திலும், அவளுக்குரிய ஆந்தையை மறுபக்கத்திலும் பொறித்தது.

காசு அடிக்கும் முறை எளியது. ஆயினும் நுட்பம் நிறைந்தது. முகப்பு அச்சினைப் பட்டடையிலே பதித்து நிறுத்துவர். சூடேற்றிய வெள்ளி வில்லையை அதன்மேல் வைத்து, பின்புற அச்சு வெட்டிய உளிபோன்ற கட்டையை அதன்மேல் நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஓரடியிலோ ஈரடியிலோ இரு பக்கமும் உருவம் ஏறிவிடும். சம்மட்டியின் தாக்குதலை நேரே ஏற்பது மேலுள்ள அச்சாதலின் அது விரைவில் தேய்ந்து பிளக்கும். கீழுள்ள அச்சு நீண்டநாள் நிற்கும். எனவே மிகுந்த உழைப்பை வேண்டும் உருவத்தை, ஆழமாக வெட்டவேண்டிய தலையுருவத்தை, கீழ் அச்சிலேயே அமைத்தனர். முகப்பிலே தலை இடம்பெற்றமைக்கு இத்தொழில் முறையும் ஒரு காரணமாகும்.

ஏதென்ஸின் ஆந்தைக் காசு நான்கு திராக்மா மதிப்புடையது, ஏறக்குறைய 17.2 கிராம் நிறையுடைய தூய வெள்ளி. கி. மு. 415இல் சிசிலிக்குச் சென்ற ஏதெனியக் கப்பற்படையில் துடுப்பு வலித்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா ஊதியம் வழங்கப்பட்டதாகத் துசிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். ஆகவே ஆந்தைக் காசு ஒன்று அவனுடைய நான்கு நாள் உழைப்பின் உருவம் எனலாம். அந்த வெள்ளி லௌரியன் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே அடிமைகள் இருட்டிலே குனிந்து கிடந்து அதனைத் தோண்டினர். அவ்வெள்ளியைக் குடிமக்கள் பங்கிட்டுக் கொள்ளாது போர்க்கப்பல் கட்டுவதற்குச் செலவிடுமாறு தெமிஸ்தோக்ளிஸ் தூண்டினான். அக்கப்பல்களே கி. மு. 480இல் சலாமிஸ் நீரிணையிலே பாரசீகரின் கடற்படையை முறியடித்தன.

ஆந்தையின் அருகே மூன்று எழுத்துக்கள் உள்ளன. அவை 'ஏதெனியருடையது' என்னும் பொருள் தருவன. இக்காசு ஓர் ஆளுக்குரியதன்று, ஓர் அரசனுக்குரியதன்று, ஒரு நகரத்து மக்கள் அனைவருக்கும் உரியது என்பதே அவ்வெழுத்துக்கள் கூறும் செய்தி. அதற்குச் சாட்சியாக நிற்பவள் அந்நகரைக் காக்கும் தெய்வம். ஏதென்ஸின் பெருந்தலைவனாகிய பெரிக்கிளிஸின் முகம் எந்தக் காசிலும் இல்லை. மானிடன் ஒருவன் தன் முகத்தைத் தெய்வத்தின் இடத்தில் வைப்பது தன்னாட்சி நகரத்தின் உணர்ச்சிக்கு மாறானது. சிசிலித் தீவிலுள்ள சிரக்கூசா நகரத்துக் காசுகளிலே இன்னுமொரு புதுமை உண்டு. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அங்கே அச்சு வெட்டிய கீமோன், எவாயினெத்தஸ் முதலிய கைவினைஞர் தத்தம் பெயரைச் சிறு எழுத்துக்களிற் பொறித்துள்ளனர். அங்கே அரசனுக்குக் கிடைக்காத இடம் தொழிலாளனுக்குக் கிடைத்தது.

பாரசீகத்திலோ நிலைமை வேறு. பேரரசன் முடிபுனைந்து, கையில் வில்லேந்தி, முழந்தாளிட்டு அல்லது ஓடுவதுபோல் நிற்கும் உருவம் அந்நாட்டுக் காசிலே காணப்படும். அது 'பேரரசன்' என்னும் பதவியின் உருவமேயன்றி ஓர் ஆளின் முகச்சாயலன்று. தந்தை இறந்து மகன் பட்டத்துக்கு வந்தாலும் அவ்வுருவம் மாறுவதில்லை. கிரேக்கர் அக்காசுகளை 'வில்லாளர்' என்று வழங்கினர். ஆசியாவிலே படை நடத்திய ஸ்பார்த்தா மன்னன் அகேசிலாஸ், பாரசீகப் பொன் கிரேக்க நகரங்களிற் கைமாறி அவனுக்கு எதிராகப் போர் மூட்டியமையாற் திரும்ப நேர்ந்தபோது, அரசனின் ஆயிரக்கணக்கான வில்லாளர் தன்னைத் துரத்திவிட்டனர் என்று சொன்னதாகப் புளுட்டார்க் எழுதிவைத்துள்ளார். பாரசீகத்துக்கு அடங்கிய லிக்கியாச் சிற்றரசரும் மாகாண ஆளுநர் சிலரும் கி. மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளிலே தம் முகம்போலத் தோன்றும் உருவங்களைக் காசில் வெளியிட்டதுண்டு. எனினும் அவ்வழக்கம் அப்பொழுது பரவவில்லை.

வடக்கே மக்கெதோனியாவில் முடியாட்சி நிலவியது. அதனை வலிமைபெறச் செய்த இரண்டாம் பிலிப்பு, தன் வெள்ளிக் காசின் முகப்பிலே சீயஸ் கடவுளின் தலையைப் பொறித்தான். பின்புறத்திலே ஒரு குதிரையும் அதன்மேல் ஒருவனும். சில காசுகளில் அவன் தாடியுடன் கையுயர்த்திச் செல்கின்றான். அவன் பிலிப்பு மன்னனே என்பர் அறிஞர். வேறு சிலவற்றில் ஓர் இளைஞன் வெற்றியின் சின்னமாகிய ஓலையை ஏந்திக் குதிரையில் அமர்ந்துள்ளான். கி. மு. 356இல் ஒலிம்பியாப் பந்தயத்தில் பிலிப்பின் குதிரை வென்றது. அதே காலத்திலே அவனுக்கு ஒரு மகனும் பிறந்தான். 'பிலிப்பு' என்னும் பெயருக்கே 'குதிரையை விரும்புவோன்' என்பதுதான் பொருள். பெயர், வெற்றி, செல்வம் ஆகிய மூன்றையும் ஒரு குதிரையிலே ஏற்றிவிட்டான் அம்மன்னன். ஆயினும் முகப்பு இன்னும் சீயஸுக்கே உரியதாயிருந்தது.

அந்த மகன்தான் அலெக்சாந்தர். கி. மு. 336இல் பட்டம் எய்தி, 323இல் பாபிலோனில் மாண்ட அவன் வெளியிட்ட நான்கு திராக்மா வெள்ளிக் காசு உலக வரலாற்றிலே பெரும்பங்கு வகித்த நாணயங்களுள் ஒன்றாகும். முகப்பிலே சிங்கத் தோலைத் தலையிற் போர்த்திய இளமைத் தோற்றமுடைய ஹெராக்கிளிஸ். சிங்கத்தின் மேற்றாடை நெற்றியின்மேல் கவிந்திருக்கும், முன்னங்கால்கள் கழுத்திலே முடிச்சிட்டிருக்கும். பின்புறத்திலே சீயஸ் அரியணையில் வீற்றிருக்கின்றார். ஒரு கையிற் கழுகு, மறு கையிற் செங்கோல். அருகே 'அலெக்சாந்தருடையது' என்னும் பெயர். ஏதெனியருடையது என்றிருந்த இடத்தில் இப்பொழுது ஒரு தனி மனிதனின் பெயர் நிற்கின்றது.

இக்காசிலே அமைந்துள்ள அரசியல் நுட்பம் வியக்கத்தக்கது. மக்கெதோனிய அரசர் தம்மை ஹெராக்கிளிஸின் வழித்தோன்றல்கள் என்று கூறிக்கொண்டவர். ஆகவே முகப்பு குலப்பெருமையைக் கூறுகின்றது. சீயஸ் எல்லாக் கிரேக்கருக்கும் பொதுவான கடவுள். ஆகவே பின்புறம் கிரேக்கர் அனைவரையும் தழுவுகின்றது. இவ்வளவோடு முடியவில்லை. கி. மு. 333இல் அலெக்சாந்தர் சிலிசியாவிலுள்ள தார்சு நகரைக் கைப்பற்றினான். அங்கே பாரசீக ஆளுநன் மசாயஸ் அடித்த காசுகளிலே அந்நாட்டுத் தெய்வமாகிய பாஆல், அரியணையிற் செங்கோலேந்தி வீற்றிருந்த கோலத்திற் பொறிக்கப்பட்டிருந்தார். அலெக்சாந்தரின் சீயஸும் அந்தப் பாஆலும் உருவ அமைப்பில் மிக நெருங்கியவர்கள். கிரேக்கன் அக்காசைப் பார்த்துச் சீயஸ் என்பான். சிலிசியாவின் வணிகன் அதே காசைப் பார்த்துத் தன் பாஆல் என்பான். இருவரும் அதனை மறுக்காமல் வாங்கிக்கொள்வர். ஹெராக்கிளிஸையும் பினீசிய மக்கள் தம் மெல்கார்த்துத் தெய்வமாகவே கண்டனர்.

காசின் நிறையிலும் அவன் இவ்வாறே நடந்துகொண்டான். தந்தை பின்பற்றிய நிறையளவைக் கைவிட்டு, ஏதென்ஸின் ஆந்தைக் காசுக்குரிய நிறையை ஏற்றான். ஆந்தை எங்கெங்கு செல்லுபடியாயிற்றோ அங்கெல்லாம் அலெக்சாந்தரின் காசும் செல்லுபடியாயிற்று. அதனை அடிக்க வெள்ளியும் பொன்னும் வந்த வழியோ போர்க்களத்தின் வழி. பேர்சிப்போலிஸ் கருவூலத்திலிருந்து மட்டும் 1,20,000 தாலந்து கைப்பற்றப்பட்டதாகப் பண்டை ஆசிரியர் கூறுவர். ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோகிராம். அதாவது நான்கு திராக்மாக் காசுகள் 1,500. பாரசீக அரசர் தலைமுறை தலைமுறையாகச் சேமித்து உறங்கவிட்ட செல்வம் காசாக உருமாறிச் சந்தைக்கு வந்தது. கி. மு. 324இல் ஓப்பிஸ் நகரிலே முதிய வீரர் 10,000 பேரை ஊருக்கு அனுப்பியபோது, சேரவேண்டிய ஊதியத்துக்கு மேலாக ஒவ்வொருவருக்கும் ஒரு தாலந்து வழங்கியதாக அரியன் எழுதுகின்றார். அவ்வீரர் தம் பையிலே சுமந்து சென்றது வெள்ளி மட்டுமன்று. தம் அரசனின் பெயரும் அவர்களுடன் ஊரூராகச் சென்றது.

சிங்கத் தோல் போர்த்த அந்த முகம் அலெக்சாந்தருடையதா என்பது நீண்டநாள் விவாதம். தொடக்கத்தில் அடிக்கப்பட்டவற்றிலே ஹெராக்கிளிஸின் பொதுமுகமே தெரிகின்றது. பிற்காலத்துக் காசுகள் சிலவற்றிலே, மன்னனின் சிலைகளிற் காணும் சாயல் புகுந்திருப்பதாகப் பலர் கருதுவர். அச்சு வெட்டியவன் வேண்டுமென்றே செய்தானோ, எங்கும் நிறைந்த அரசனின் முகம் அவன் கையை அறியாமல் நடத்தியதோ, எவ்வாறாயினும் காசைக் கையில் வாங்கிய பொதுமக்கள் ஹெராக்கிளிஸிலே அலெக்சாந்தரைக் காணத் தொடங்கினர் என்பதில் ஐயமில்லை.

அவன் உயிருடனிருந்த காலத்தில், அல்லது அதனை மிக அடுத்து, அவன் உருவத்தையே காட்டும் பெரிய வெள்ளிக் காசு ஒன்றும் அடிக்கப்பட்டது. கி. மு. 326இல் ஹிதாஸ்பிஸ் ஆற்றங்கரையிலே, இன்றைய ஜீலம் ஆற்றங்கரையிலே, போரஸ் மன்னனுடன் நிகழ்ந்த போரை அது நினைவூட்டுகின்றது. ஒரு பக்கத்தில் குதிரைமேல் ஒருவன், யானைமேல் உள்ள இருவரை ஈட்டியாற் தாக்குகின்றான். மறுபக்கத்தில் போர்க்கோலத்தில் நிற்கும் அலெக்சாந்தரின் கையிலே சீயஸுக்குரிய இடிப்படை. மேலே வெற்றித் தேவதை அவனுக்கு மாலை சூட்டப் பறந்து வருகின்றாள். இதன் படி ஒன்று 1887ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரும்பொருட்சாலைக்கு வந்தது. 1973இல் பாபிலோன் பகுதியிற் கிடைத்ததாகக் கூறப்படும் புதையலிலிருந்து மேலும் சில வெளிப்பட்டன. தெய்வத்தின் படைக்கலத்தை மனிதன் தன் கையில் வாங்கிய கணத்தை அக்காசு பதிவு செய்துள்ளது. ஆனால் அது பொதுச் சந்தைக்குரிய காசன்று. பரிசாக வழங்கப்பட்ட சிறப்புக் காசு என்பதே பலர் கருத்து.

அலெக்சாந்தர் இறந்தபின் அவன் தளபதிகள் பேரரசைக் கூறுபோட்டனர். அவர்களுள் எவனும் அரச குலத்தவனல்லன். ஆளும் உரிமையை எதனைக் காட்டி நிலைநாட்டுவது? இறந்தவனின் முகத்தைக் காட்டித்தான். எகிப்தைப் பெற்ற தொலமி, அலெக்சாந்தரின் உடலையே வழிமறித்து எகிப்துக்குக் கொண்டுசென்றவன். அவன் வெளியிட்ட காசிலே அலெக்சாந்தர் சிங்கத் தோலுக்குப் பதிலாக யானைத் தோலைத் தலையிற் தரித்திருக்கின்றான். கிழக்கு நாட்டு வெற்றியின் அடையாளம் அது. திரேசியாவை ஆண்ட லிசிமாக்கஸ் வெளியிட்ட காசோ அழகில் அதனினும் விஞ்சியது. அகன்ற விழிகள் மேல்நோக்க, அலைபோன்ற தலைமயிரின் நடுவே செம்மறிக்கடாவின் கொம்பு வளைந்து நிற்க, அலெக்சாந்தரின் முகம் அதில் ஒளிர்கின்றது. அது அம்மோன் தெய்வத்தின் கொம்பு. கி. மு. 331இல் சீவாப் பாலைவனச் சோலையிலுள்ள அம்மோன் கோயிலிலே தெய்வத்தின் மகன் என்று அலெக்சாந்தர் வரவேற்கப்பட்டதாக வழங்கும் செய்தியை அது குறிக்கின்றது. பின்புறத்தில் அதீனா அமர்ந்திருக்கின்றாள். அவள் கையில் நிற்கும் வெற்றித் தேவதை, 'லிசிமாக்கஸ் அரசனுடையது' என்னும் எழுத்துக்களுக்கே மாலை சூட்டுகின்றாள். தன் முகத்தை வைக்கத் துணியாதவன் தன் பெயருக்கு முடிசூட்டிக்கொண்டான்.

அந்த முகங்களிலே பொதுவாக ஓர் அணி காணப்படும். தலையைச் சுற்றிக் கட்டிப் பின்புறம் முடிந்து, இரு முனையும் தொங்கவிட்ட ஒரு துணிப்பட்டை அது. பொன்முடியன்று, மணிமகுடமன்று, வெறும் நாடா. பாரசீகத்தை வென்றபின் அலெக்சாந்தர் மேற்கொண்ட அந்த நாடாவே பின்னர் அரசுரிமையின் ஒரே சின்னமாயிற்று. நெற்றியிற் கட்டும் பட்டத்தாலேயே 'பட்டம் கட்டுதல்', 'பட்டத்துக்கு வருதல்' என்னும் சொற்களை வழங்கும் தமிழருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

கி. மு. 305ஐ ஒட்டித் தொலமி அரசன் என்னும் பட்டத்தைத் தானே மேற்கொண்டான். அதன்பின் துணிந்து ஒரு காரியஞ் செய்தான். எகிப்தின் வெள்ளிக் காசிலே தன் சொந்த முகத்தைப் பொறிப்பித்தான். புடைத்த புருவம், வளைந்த மூக்கு, முன்னுந்திய மோவாய். அழகனென்று எவரும் சொல்லார். உள்ளபடியே ஒரு மனிதனின் முகம். தலையிலே பட்டம், கழுத்திலே தெய்வங்களுக்குரிய ஆட்டுத்தோற் கவசம். பின்புறத்தில் இடிப்படையின்மேல் நிற்கும் கழுகு. இவ்வுருவங்கள் சிலவற்றிலே காதின் பின்னால் 'தெல்தா' என்னும் ஓர் எழுத்து, உற்று நோக்கினாலன்றித் தெரியாத அளவிற் காணப்படுகின்றது. அச்சு வெட்டிய கைவினைஞனின் அடையாளம் அது என்று கருதுவர். சிரக்கூசாவிலே தெய்வத்தின் அருகே பெயர் பொறித்தவனின் இனத்தைச் சேர்ந்தவன், இங்கே அரசனின் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தொலமியின் வழிவந்தோர் அந்த முகத்தை மாற்றவில்லை. எகிப்தை உரோமர் கைக்கொண்ட கி. மு. 30 வரை, ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக் காலம், முதல் தொலமியின் முகமே அந்நாட்டு வெள்ளிக் காசில் பெரும்பாலும் தொடர்ந்து வந்தது.

ஒருவன் வழிகாட்டினால் மற்றோர் தொடர்வர். முற்றுகை வீரன் என்று பெயர்பெற்ற தெமேத்திரியஸ், தன் முகத்தில் எருதின் கொம்பை முளைக்கச் செய்தான். செலூக்கஸ் வெளியிட்ட காசொன்றிலே சிறுத்தைத் தோல் போர்த்து எருதுக் கொம்பு பொருத்திய தலைக்கவசம் அணிந்த வீரன் தோன்றுகின்றான். அவன் செலூக்கஸா, அலெக்சாந்தரா என்று அறிஞர் இன்னும் வாதிடுவர். அதே செலூக்கஸ் இந்தியாவின் சந்திரகுப்த மௌரியனிடமிருந்து 500 யானைகளைப் பெற்றவன். அவன் காசுகளிலே அதீனா தேவி யானைகள் பூட்டிய தேரிற் செல்கின்றாள். பேர்கமத்திலே ஆட்சிக் குலமொன்றை நிறுவிய பிலெத்தேரஸின் முகம், தடித்த கழுத்தும் பருத்த கன்னமுமாக, எவ்வித ஒப்பனையும் இன்றி அவனுக்குப் பின்வந்தோராற் காசில் வைக்கப்பட்டது.

இவர்களுக்கு நடுவே வேறு போக்கில் நின்றவன் தெமேத்திரியஸின் மகனாகிய அந்திகோனஸ் கோனாத்தஸ். மக்கெதோனியாவை ஆண்ட அவன், தன் நான்கு திராக்மாக் காசிலே மக்கெதோனியக் கேடயத்தைப் பொறித்து அதன் நடுவிலே பான் என்னும் காட்டுத் தெய்வத்தின் தலையை வைத்தான். தன் பெயரில் முகம் வெளியிடவில்லை. கவிஞன் ஒருவன் அவனைக் கதிரவனின் மகன், கடவுள் என்று பாடியபோது, தன் கழிகலம் எடுக்கும் பணியாளன் அவ்வாறு அறிந்திலனே என்று அம்மன்னன் விடையிறுத்தானாம். இதுவும் புளுட்டார்க் கூறும் செய்தி. சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸின் போக்கு இதற்கு நேர்மாறானது. கி. மு. 175இல் பட்டத்துக்கு வந்த அவன், 'வெளிப்பட்டருளிய கடவுள்' என்னும் பொருள்படும் 'தியோஸ் எப்பிபனெஸ்' என்னும் பட்டத்தைக் காசிலேயே எழுதுவித்தான். மக்கள் ஓரெழுத்தைத் திரித்து அவனை 'எப்பிமனெஸ்', அதாவது பித்தன், என்று அழைத்தனர். காசில் எழுதுவது அரசன் உரிமை. அதனை வாசிப்பது மக்கள் உரிமை.

அரசியரும் இவ்வெள்ளியிலே இடம்பெற்றனர். இரண்டாம் தொலமி தன் உடன்பிறந்தாளும் மனைவியுமாகிய அர்சினோயியின் முக்காடிட்ட தலையை அவள் இறந்தபின் பொறிப்பித்தான். சிரக்கூசாவின் அரசன் இரண்டாம் ஹீரோன் காலத்திலே 'அரசி பிலிஸ்திஸுடையது' என்னும் எழுத்துடன் ஓர் அமைதியான பெண்முகம் வெளிவந்தது. அவளைப் பற்றி நூல்கள் கூறுவது மிகச் சிறிது. காசு மட்டும் இல்லையாயின் அவ்வரசி வாழ்ந்தாள் என்பதையே உலகம் மறந்திருக்கும்.

மறதிக்கும் காசுக்கும் இடையே நடந்த இப்போராட்டம் எங்கும் விட பாக்திரியாவிலேதான் தெளிவாகத் தெரிகின்றது. இன்றைய ஆப்கானித்தானின் வடபகுதியிலே கி. மு. 250ஐ ஒட்டித் தியோதோத்தஸ் என்பவன் தனியரசு நிறுவினான். அவனுக்குப்பின் அங்கும் இந்துகுஷ் மலைக்குத் தெற்கிலும் முப்பதுக்கு மேற்பட்ட கிரேக்க அரசர் ஆண்டனர். நூல்களிற் பெயர் காணப்படுவோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஏனையோர் அனைவரும் காசினாலேயே அறியப்பட்டவர். ஆனால் அக்காசுகளின் கலைத்திறனோ கிரேக்கத் தாயகத்தையும் நாணச் செய்வது. எவுதிதேமஸின் முகம் காசுக்குக் காசு முதுமை எய்திச் செல்கின்றது; அவன் மகன் தெமேத்திரியஸ் அலெக்சாந்தரைப்போல் யானைத் தோல் தரித்துத் தோன்றுகின்றான்; அந்திமாக்கஸ் தட்டைத் தொப்பியணிந்து இதழோரம் புன்முறுவல் பூத்திருக்கின்றான். ஈராயிரம் ஆண்டு கழிந்தும் அப்புன்முறுவல் மாறவில்லை. அவன் எதற்காகச் சிரித்தான் என்று சொல்லத்தான் எவருமில்லை.

இவ்வரசர் இந்திய நிலத்துள் இறங்கியபோது மக்களின் மொழியையும் காசில் ஏற்றனர். ஒரு பக்கம் கிரேக்கம். மறுபக்கம் கரோஷ்டி எழுத்திலோ பிராமி எழுத்திலோ பிராகிருதம். 1970ஆம் ஆண்டிலே ஆப்கானித்தானின் ஐ கானூம் என்னுமிடத்திற் பிரான்சிய ஆய்வாளர் அகழ்ந்தபோது அகத்தோக்ளிஸ் என்னும் கிரேக்க அரசனின் வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றிலே சக்கரமேந்திய வாசுதேவனும் கலப்பையேந்திய பலதேவனும் பொறிக்கப்பட்டிருந்தனர். பௌத்த மரபிலே மிலிந்தன் என்று புகழ்பெற்று, நாகசேனரிடம் கேள்விகள் கேட்டவனாகப் போற்றப்படும் மேனாந்தரின் காசிலே ஒரு பக்கம் கிரேக்கத்தில் 'காப்பாளனாகிய மேனாந்தர் அரசனுடையது' என்றும், மறுபக்கம் பிராகிருதத்தில் அதே பொருளிலும் எழுதியிருக்கும்.

அரசர் தம் பெருமைக்காகப் பொறித்த அவ்விரு வரிகள் அவர்கள் கனவிலும் எண்ணாத பயனை அளித்தன. அசோகனின் கல்வெட்டுக்களைப் படிக்க எவருமின்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. 1830ஆம் ஆண்டுகளிலே சார்ள்ஸ் மாசன் என்பவர் ஆப்கானித்தானிற் திரட்டிய காசுகளும், ஏனையோர் கண்டெடுத்தவையும் அறிஞர் கைக்கு வந்தன. கிரேக்கப் பக்கத்திலுள்ள பெயரை அறிந்தவர், மறுபக்கத்தில் அதே பெயர் இருக்கும் இடத்தைத் தேடினர். 1836இல் கிறிஸ்தியன் லாசன் அகத்தோக்ளிஸின் இருமொழிக் காசைக் கொண்டு பிராமி எழுத்துச் சிலவற்றை இனங்கண்டார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை முற்றாக வாசித்தார். கரோஷ்டியும் அவ்வாறே இருமொழிக் காசுகளின் துணையால் வெளிப்பட்டது. இலங்கைக் குகைகளிலுள்ள பழைய பிராமிக் கல்வெட்டுக்களை இன்று வாசிக்க முடிவதற்கும் அவ்வெழுத்தறிவே அடிப்படை. மாண்டுபோன கிரேக்க அரசரின் தற்பெருமை, அவர் காணாத தீவொன்றின் வரலாற்றுக்கும் திறவுகோலாயிற்று.

மேற்கே உரோமர் குடியரசு நடத்திய காலம்வரை உயிருடனிருப்பவன் முகத்தைத் தம் காசில் அனுமதிக்கவில்லை. கி. மு. 44இல் யூலியஸ் சீசரின் தலை உரோமக் காசில் ஏறியது. அவ்வாண்டிலேயே அவன் குத்திக் கொல்லப்பட்டான். கொன்றவர் குடியரசைக் காப்பாற்றியதாக எண்ணினர். ஆனால் காசில் ஏறிய தலை இறங்கவில்லை. கொலைகாரருள் முதல்வனாகிய புரூட்டஸே தன் முகத்தைக் காசிற் பொறிப்பித்தான். பின்வந்த பேரரசரின் தலைதாங்கிய உரோம நாணயங்கள் வணிகத்தின் வழியே தமிழகத்துக்கும் ஏராளமாக வந்தன. கரூரிலே 'மாக்கோதை' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த, சேர மன்னனின் தலையுருவம் தாங்கிய வெள்ளிக் காசு கிடைத்துள்ளது. உரோமக் காசின் தாக்கம் அதிலே தெரிகின்றது என்பர் நாணயவியலார். எகிப்திலே தொலமி தொடங்கிய வழக்கம் கைமாறிக் கைமாறி ஆன்பொருநைக் கரையையும் எட்டியது.

காசிலுள்ள முகத்தை அப்படியே நம்பிவிடலாகாது. அது அரசன் எவ்வாறு இருந்தான் என்பதைக் காட்டிலும் எவ்வாறு காணப்பட விரும்பினான் என்பதையே மிகுதியாகச் சொல்லும். கொம்பு வைத்துக்கொண்ட தெமேத்திரியஸ், செலூக்கஸிடம் சிறைப்பட்டு அச்சிறையிலேயே மாண்டான். பெயருக்கு மாலை சூட்டிக்கொண்ட லிசிமாக்கஸ், கி. மு. 281இல் முதுமையிலே போர்க்களத்தில் வீழ்ந்தான். அவன் அரசு அவனோடு அழிந்தது. ஆனால் அவன் பெயரிட்ட காசை வணிகர் நம்பியமையாற் பிசாந்தியம் முதலிய நகரங்கள் அவன் மறைந்து நெடுங்காலம் அதே அச்சமைப்பில் அடித்து வெளியிட்டன. அலெக்சாந்தர் பெயரிலும் அவ்வாறே கி. மு. முதலாம் நூற்றாண்டுவரை காசுகள் தோன்றின. சந்தையிலே நின்றவன் மதித்தது அரசனின் வீரத்தையன்று. வெள்ளியின் தூய்மையையும் நிறையின் உண்மையையுமே. தமிழிலே 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். கிரேக்க வணிகன் தராசிலே நிறுத்துப் பார்த்தது இவ்விரண்டாவது பொருளைத்தான்.

கிரேக்க நாடு 1990இல் வெளியிட்ட 100 திராக்மாக் காசிலே கொம்புடைய அலெக்சாந்தரின் தலை மீண்டும் இடம்பெற்றது. 2002ஆம் ஆண்டிலே திராக்மா வழக்கொழிந்து ஐரோப்பியப் பொது நாணயமாகிய யூரோ வந்தது. அப்பொழுது கிரேக்கர் தம் ஒரு யூரோக் காசுக்கு எந்த அரசனின் முகத்தையும் தெரிந்தெடுக்கவில்லை. பழைய நான்கு திராக்மாக் காசின் பின்புறத்தை அப்படியே எடுத்துப் பொறித்தனர். அதிலே ஒலிவக் கிளையருகே அகன்ற கண்களுடன் நிற்பது ஏதெனியரின் ஆந்தை.